பள்ளி விட்டபின் மூன்று மணி நேரம்: பதின்வயதினரின் தீவிர வெளிநோயாளர் மனநலச் சிகிச்சை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைக்கு மனச்சோர்வு முற்றியிருக்கிறது என்று தெரியவரும்போது, குழந்தை மருத்துவரோ பள்ளி ஆலோசகரோ “ஐ.ஓ.பி. ஒன்றில் சேர்த்துவிடுங்கள்” என்று சொல்லி, நாலைந்து தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் தெரியாமல் கிளினிக்கின் வாகன நிறுத்தத்திலேயே அமர்ந்து கைபேசியில் தேடிய தாய்மார்களில் நானும் ஒருத்தி. என் மகள் பத்தாம் வகுப்பில் படித்தபோது ஒன்பது வாரம் இந்தச் சிகிச்சைக்குப் போய்வந்தாள். அது தெரிந்த தமிழ்ப் பெற்றோர் பலர், பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், தாழ்ந்த குரலில் என்னை அழைத்துக் கேட்ட கேள்விகளே இவை. எங்கள் வீட்டுக் கதையில் என் மகள் சொல்ல அனுமதித்த பகுதிகளை மட்டும் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். சிகிச்சை முடிவுகளை உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவரோடு பேசியே எடுக்க வேண்டும்.

ஐ.ஓ.பி. என்பது சரியாக என்ன?

இன்டென்சிவ் அவுட்பேஷன்ட் புரோகிராம் என்பதன் சுருக்கம் அது. தமிழில் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை எனலாம். இங்கே மனநலச் சிகிச்சை படிப்படியாக அமைந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வருவது கீழ்ப்படி. இரவும் பகலும் மருத்துவமனையிலேயே உள்நோயாளியாக இருப்பது மேல்படி. இடையில், பி.எச்.பி. எனப்படும் பகல்நேரச் சிகிச்சை வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ நடப்பதால் பள்ளி நேரத்தையே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு படி கீழே இருப்பதுதான் ஐ.ஓ.பி. போதைப்பழக்கச் சிகிச்சைக்காக அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று வகுத்த அளவுகோலின்படி, இந்தப் படியில் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 9 மணி நேரம், பதின்வயதினருக்குக் குறைந்தது 6 மணி நேரம் சிகிச்சை நடக்க வேண்டும். மனநலத்துக்கான மையங்களில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள் என்பதே பரவலான வழக்கம். மொத்தக் காலம் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம்.

பிள்ளை காலையில் வழக்கம்போல் பள்ளிக்குப் போகும். நான்கு மணிவாக்கில் மையத்துக்கு வரும். ஏழு மணிக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்து தன் கட்டிலிலேயே படுக்கும். ஐந்து மணிக்குக் கற்றுக்கொண்டது எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில், அப்பா மதிப்பெண் பற்றிக் கேட்கும் அந்த நிமிடத்தில், சோதனைக்கு உள்ளாகும். பலித்ததா இல்லையா என்பதை மறுநாளே குழுவில் பேச முடிகிறது. மருத்துவமனைக்குள் அடைத்து வைத்தால் இது நடக்காது.

எங்கள் பிள்ளைக்கு இவ்வளவு வேண்டுமா? வாரம் ஒருமுறை தெரபி போதாதா?

வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தும் நிலை இறங்கிக்கொண்டே போனால் போதவில்லை என்றுதான் பொருள். காலையில் எழவே முடியாமல் பள்ளிக்குப் போவது தடைபடுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, பதற்றத்தால் சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போவது ஆகியவை ஐ.ஓ.பி.க்கு அனுப்பப்படும் வழக்கமான காரணங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிள்ளையை ஒரேயடியாக வாரம் ஒரு மணி நேரத்துக்கு இறக்கிவிடாமல் இடையில் தாங்கிப் பிடிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இன்றிரவு உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் ஐ.ஓ.பி. போதாது, அப்போது போக வேண்டிய இடம் அவசரப் பிரிவு.

நம் பிள்ளை மட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2023-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், நூற்றுக்கு 40 பேர் இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீங்காத சோகத்தையோ நம்பிக்கையின்மையையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். 20 பேர் தற்கொலையைத் தீவிரமாக எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

சேர்க்கும் முன் தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்கிறார்களே. இல்லாத எண்ணத்தை விதைப்பது ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். கொலம்பியா அளவுகோல் என்ற கேள்வித்தொகுப்பை வைத்துப் படிப்படியாகக் கேட்பார்கள். “சாகணும்னு தோணியிருக்கா” என்பதில் தொடங்கி, திட்டம் உண்டா, முயன்றதுண்டா என்று போகும். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்கள். நான் அந்த இருபது நிமிடம் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே அழைத்து, என் மகள் முன்னிலையிலேயே, அவள் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்தாக வேண்டியதை மட்டும் சொன்னார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலான நேரம் குழுவாக நடக்கும். எட்டுப் பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள்; கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் அன்றைய நிலையைச் சொல்வார்கள். அடுத்து ஒரு திறன் வகுப்பு. பிறகு இடைவேளையும் நொறுக்குத்தீனியும், அதன்பின் ஓவியமோ இசையோ பேச்சோ. வாரத்துக்கு ஒருமுறை தனித் தெரபி, ஒருமுறை குடும்பத்தோடு அமர்வு, தேவைக்கேற்ப மனநல மருத்துவரோடு மருந்துச் சந்திப்பு.

திறன் வகுப்புக்கு டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற முறையைப் பல மையங்கள் பின்பற்றுகின்றன. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்ஷா லினெஹன், தற்கொலை எண்ணம் நீங்காத பெரியவர்களுக்காக உருவாக்கி 1993-இல் நூலாக வெளியிட்ட முறை அது. பின்னால் பதின்வயதினருக்கு ஏற்பத் தகவமைக்கப்பட்டது. கொந்தளிப்பைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் வேண்டியதைக் கேட்டுப் பெறுவது, நிகழ்கணத்தில் நிற்பது என நான்கு பாடங்கள். பிள்ளைகளுக்கு ஐந்தாவதாக நடுவழியில் நடப்பது என்ற பாடம் ஒன்று உண்டு. அதைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

கேட்கும்போது இது பள்ளிப் பாடத்திட்டம் போல இருக்கும். வீட்டில் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை, என் மகள் தன் அறையிலிருந்து வந்து, நான் தோசைமாவு கரைக்கும் பெரிய பாத்திரத்தை எடுத்து, குளிர்பதனப் பெட்டியிலிருந்த ஐஸ் கட்டிகளை எல்லாம் கொட்டித் தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அதில் முக்கினாள். முப்பது நொடி. தலையைத் தூக்கினாள், மறுபடி முக்கினாள். மூச்சை அடக்கிக் குளிர்நீரில் முகத்தை வைத்தால், நீருக்குள் மூழ்கும்போது நடப்பதைப் போல இதயத் துடிப்பு மட்டுப்படும். பொங்கிய உணர்ச்சி சில நிமிடத்துக்காவது தணியும். இதயக் கோளாறோ உணவு உண்பதில் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. அவள் ஈர முகத்தோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவள் வேறொன்றைச் செய்வாள். அன்று செய்யவில்லை. பிறகு எழுந்து போய் டைரி கார்டில் எழுதினாள்.

டைரி கார்டு என்பது ஒரு வாரத்துக்கான கட்டம் போட்ட தாள். அன்றைக்குத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை எண், தூங்கிய நேரம், மருந்து சாப்பிட்டதா, எந்தத் திறனைப் பயன்படுத்தியது என்று தினமும் நிரப்ப வேண்டும். தனித் தெரபி அந்தத் தாளை வைத்துத்தான் தொடங்கும். பிள்ளையின் மேசை மேல் அது கிடந்தால் தயவுசெய்து எடுத்துப் படிக்காதீர்கள். நான் ஒருமுறை படித்தேன். அந்த ஒரு முறைக்கு இரண்டு வாரம் விலை கொடுத்தேன்.

மற்றப் பிள்ளைகளிடமிருந்து கெட்டது ஒட்டிக்கொள்ளாதா?

நியாயமான பயம்தான், மையங்களும் இதை அறிந்தே விதிகள் வைத்திருக்கின்றன. காயப்படுத்திக்கொண்ட விதத்தைக் குழுவில் விவரிக்கக்கூடாது, தழும்பை மறைத்திருக்க வேண்டும், சிகிச்சைக் காலத்தில் தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பவை வழக்கமானவை. பிள்ளைகள் மீறாமல் இருப்பதில்லை. இருந்தாலும், தன்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள் என்று பார்ப்பதில் கிடைக்கும் ஆறுதலைப் பெற்றோராகிய நாம் எவ்வளவு முயன்றாலும் கொடுக்க முடியாது. குழுவில் வயது வரம்பு என்ன, ஒரு குழுவுக்கு எத்தனை ஊழியர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைக்கும் இடத்தில் நான் சேர்க்க மாட்டேன்.

மாத்திரை கட்டாயமா? மாத்திரையால்தான் தற்கொலை எண்ணம் வருகிறது என்கிறார்களே?

கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் சம்மதம் வேண்டும். அந்தப் பேச்சுக்கு மூலம் எது என்று தெரிந்துகொள்வது நல்லது. மனச்சோர்வு மருந்துகளை வைத்து நடந்த 24 சோதனைகளை, அதாவது 4,400-க்கும் மேற்பட்ட இளம் நோயாளிகளின் விவரங்களை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றாக வைத்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 4 பேரிடமும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேரிடமும் காணப்பட்டது. அந்தச் சோதனைகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. 2004-இல் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது இதன் அடிப்படையில்தான். 2007-இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்து தொடங்கும் முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வாரம் மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள் பிள்ளையைப் பார்க்கும் ஐ.ஓ.பி. அதற்குத் தோதான இடமும்கூட.

அதே 2004-இல் வெளியான டாட்ஸ் என்ற ஆய்வில், மனச்சோர்வுள்ள 439 பதின்வயதினர் 12 வாரம் சிகிச்சை பெற்றார்கள். ஃப்ளூவாக்ஸெடின் மருந்தும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. இரண்டும் சேர்ந்தால் நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா இல்லை. எந்த மருந்தையும் நாமாக நிறுத்தக்கூடாது.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தால் போதாதா?

போதாது. வாரத்துக்கு 168 மணி நேரம்; அதில் ஒன்பது மணி நேரம் மையத்துக்கு உரியது. மீதியில் பள்ளிக்கூடம் போக எல்லாமே வீடு.

முதல் வேலை வீட்டைப் பாதுகாப்பாக்குவது. மருந்துகள் எல்லாவற்றையும், பாராசிட்டமால், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, ஊரிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிய மாத்திரை அட்டைகள் உட்பட, பூட்டி வைக்கச் சொல்வார்கள். கூர்மையான பொருட்களையும் அப்படியே. அக்கம்பக்கத்திலோ உறவினர் வீட்டிலோ துப்பாக்கி உண்டா என்று கேட்கவும் சொல்வார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் காய்கறி நறுக்கும் கத்தி ஒரு மாதம் காரின் பின்பெட்டியில் இருந்தது. சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்க ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப் போய்வந்தேன்.

இரண்டாவது வேலை இதைவிடக் கடினம். குடும்ப அமர்வில் பிள்ளையின் உணர்ச்சியைச் செல்லுபடியாக்குங்கள் என்று சொல்லித் தருவார்கள். பிள்ளை சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. அவள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வேதனை புரிகிறது என்பதை அவளுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். நமக்கு வாயில் வருவது வேறு: “இதுக்கெல்லாமா அழுவாங்க?”, “உனக்கு என்ன குறை வச்சோம்?”, “நாங்க பட்ட கஷ்டத்துக்கு இது ஒரு கஷ்டமா?” பல குடும்பங்கள் சேர்ந்து உட்காரும் குழுவில், என் கணவர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நடத்துபவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்கள் பட்ட கஷ்டம் உண்மை, அவள் படும் கஷ்டமும் உண்மை; இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்” என்றார். என் கணவர் நெடுநேரம் முயன்று, கடைசியில் தமிழில் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் டி.பி.டி. என்ற பெயரின் முதல் எழுத்துக்குப் பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

காரில் திரும்பும்போது “இன்னைக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்காதீர்கள். பாட்டுப் போடுங்கள், அல்லது சும்மா ஓட்டுங்கள்.

தாத்தா பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அமர்வில் பேத்தியே மொழிபெயர்க்கலாமா?

கூடாது. கூட்டரசின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும், அவசரநிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பதும் சட்டம். முன்கூட்டிச் சொன்னால் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். தன் தழும்பைப் பற்றித் தானே பாட்டிக்குத் தமிழில் விளக்கும் நிலையில் எந்தப் பிள்ளையையும் வைக்காதீர்கள்.

படிப்பு கெட்டுப்போகாதா?

ஏற்கெனவே கெட்டிருப்பதால்தானே வந்திருக்கிறோம். பள்ளி நேரம் முடிந்தபின் நடப்பதால் வகுப்புகள் பெரும்பாலும் தப்பிக்கும். வீட்டுப்பாட நேரம்தான் போகும். அதற்கு 1973-இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு உதவும். மனநலக் குறைபாடும் அதில் அடங்கும். மருத்துவரின் கடிதத்தோடு பள்ளி ஆலோசகருக்கு எழுத்து மூலம் கேட்டால், வீட்டுப்பாடத்தைக் குறைப்பது, தேர்வுக்குக் கூடுதல் நேரம், பதற்றம் வந்தால் வகுப்பைவிட்டு வெளியேற அனுமதி போன்றவற்றை 504 திட்டமாக எழுதிக் கொடுப்பார்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு எந்தப் பதிவும் இருக்காது, மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. வகுப்பு ஒன்றைக் கைவிட வேண்டி வரலாம். சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு, பரதம், விவாதப் போட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஐ.ஓ.பி.யையும் செருக முடியாது. எதை நிறுத்துவது என்று பிள்ளையையே கேளுங்கள்.

கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா?

தெரியாது. மதிப்பெண் சான்றில் இது இடம்பெறாது. சிகிச்சைக் குறிப்புகள் மருத்துவ அந்தரங்கச் சட்டத்தின் கீழ் வருபவை. உங்களிடமிருந்தே சில விஷயங்கள் மறைக்கப்படலாம் என்பதற்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பிள்ளை தெரபிஸ்டிடம் சொல்வது, உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே இருக்கும். தானாகவே வெளிநோயாளர் மனநலச் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: வாஷிங்டனில் 13, பென்சில்வேனியாவில் 14, கலிபோர்னியாவில், போதிய முதிர்ச்சி இருப்பதாகச் சிகிச்சையாளர் கருதினால், 12.

காப்பீடு கொடுக்குமா? எவ்வளவு செலவாகும்?

திட்டத்தில் மனநலத்துக்கு இடம் இருந்தால், உடல்நோய்க்கு இல்லாத கெடுபிடிகளை மனநலத்துக்கு மட்டும் வைக்கக்கூடாது என்பது 2008-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம். நடைமுறையில், தொடங்கும் முன் முன் அனுமதி வாங்க வேண்டும். அதையும் சில நாள்களுக்கு அல்லது வாரங்களுக்கு மட்டும் தந்துவிட்டு, மறுபடி கேட்கச் சொல்வார்கள். எங்களுக்கு ஐந்தாம் வாரத்தில், பிள்ளை தேறிவிட்டதால் இனி அவசியமில்லை என்று கடிதம் வந்தது. மறுப்புக் கடிதம் கிடைத்தால் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவசரம் என்று மருத்துவர் எழுதினால் 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு வெளியே உள்ள மருத்துவரின் மறுபரிசீலனைக்குப் போகலாம். எங்கள் மையத்தின் மருத்துவரே காப்பீட்டு மருத்துவரோடு தொலைபேசியில் பேசினார். மேலும் மூன்று வாரம் கிடைத்தது.

சேரும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மையம் காப்பீட்டோடு ஒப்பந்தமுள்ள நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா, காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய டிடக்டிபிளில் இன்னும் எவ்வளவு மீதி, நம் பங்காகக் கட்டும் கோ-பே நாளுக்கு ஒன்றா அல்லது ஒவ்வொரு சேவைக்கும் தனியா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும்.

மாலை மூன்றரைக்கு அலுவலகத்தைவிட்டுக் கிளம்புவது பலருக்குப் பெரிய சிக்கல். 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி ஆண்டுக்கு 12 வாரச் சம்பளமில்லா விடுப்பை மணிக்கணக்காகப் பிரித்தும் எடுக்கலாம். 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும்.

எச்-1பி விசாவில் இருக்கிறோம். பச்சை அட்டைக்குப் பாதிப்பு வருமா?

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை பெற்றது மட்டும் பச்சை அட்டையைத் தடுப்பதில்லை. பச்சை அட்டைக்கான ஐ-693 மருத்துவப் பரிசோதனையில் மனநலம் குறித்துப் பார்ப்பது, மனநலக் கோளாறோடு தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நடத்தை இப்போது இருக்கிறதா, அல்லது முன்பு இருந்தது திரும்ப வர வாய்ப்பிருக்கிறதா என்பதைத்தான். பிள்ளைக்கு அப்படி முன்வரலாறு இருந்தால் பரிசோதனைக்கு முன் குடிவரவு வழக்கறிஞரோடு பேசுங்கள்; விலக்கு கோரும் வழியும் உண்டு. சிகிச்சை பெற்றுத் தேறியிருப்பது உங்களுக்குச் சாதகமான சான்று என்பதால், விசாவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இரண்டு வகையிலும் நட்டம்.

இணையவழியில் சேரலாமா?

சேரலாம், 2020-க்குப் பிறகு இது பெருகியிருக்கிறது. ஆனால் அமர்வின்போது பிள்ளை எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மாநிலத்தில் தெரபிஸ்டுக்கு உரிமம் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் சென்னைக்கோ கோவைக்கோ போய்விட்டு அங்கிருந்து மடிக்கணினியில் சேர்ந்துகொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். வீட்டில் தனியறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேச முடியாத பிள்ளைக்கு நேரில் போவதே நல்லது.

முடிந்தபின் சரியாகிவிடுமா?

மறுபடியும் வாரம் ஒருமுறை தெரபிக்கு இறங்குவார்கள்; அந்தத் தெரபிஸ்டின் முதல் சந்திப்புத் தேதி உறுதியாகாமல் வெளியேறச் சம்மதிக்காதீர்கள். தற்கொலை ஆபத்து அதிகமுள்ள 173 பதின்வயதினரை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், டி.பி.டி. பெற்றவர்களிடம் முதல் ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஓராண்டு ஆனபோது, வேறு சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கிவிட்டது. என் மகள் பதினோராம் வகுப்பில் மீண்டும் மூன்று வாரம் போய்வந்தாள்.

நடு இரவில் நிலைமை மோசமானால்?

988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் எந்நேரமும் இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911 அல்லது அவசரப் பிரிவு. பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

மையத்தை முதன்முதலில் அழைக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

காப்பீட்டு அட்டையின் இரு பக்கப் படம், பிள்ளை சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், கடைசி மூன்று மாதத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுதிய அரைப்பக்கக் குறிப்பு. காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். அழைக்கும்போது காரிலோ வேறு எங்கோ தனியாக இருங்கள். நடுவில் குரல் உடைந்தால் மறுமுனையில் இருப்பவர் காத்திருப்பார். அவர் தினமும் கேட்கும் குரல்தான் அது.